மதுரையின் காலைக்கு மூன்று ஊர்க் குரல்கள்

காலை 7.15 மணி. டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஒலிபரப்பு மாளிகையில் ஒருவர் தன் பெயரைச் சொல்லித் தமிழில் செய்தி வாசிக்கத் தொடங்குவார். மேலூர் டீக்கடையில் பாய்லருக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கும் பெட்டியில் அது கேட்கும். செல்லூரில் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். உசிலம்பட்டிச் சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவரின் தோளில் தொங்கும் டிரான்சிஸ்டரிலும் கேட்கும். அப்படி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியை நேரில் பார்த்த மதுரைக்காரர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர் குரல் கேட்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குளிக்க விரட்டிய வீடுகள் ஏராளம். செய்தி முடிவதற்குள் தலைவாரிச் சட்டை மாட்டியிருக்க வேண்டும்.

அரை நூற்றாண்டுக்கு மதுரையின் காலை இப்படித்தான் விடிந்தது. மங்கள இசையும் விவசாயச் செய்தியும் திருச்சியிலிருந்து வந்தன. நாட்டு நடப்பு டெல்லியிலிருந்து வந்தது. சினிமாப் பாட்டு கொழும்பிலிருந்து வந்தது. தமிழ் வளர்த்த ஊர், நாடகக் குழுக்களின் தாய்வீடு, பட்டிமன்றம் கேட்க நள்ளிரவு வரை தெருவில் உட்காரும் ஊர் என்று எத்தனை பெருமை இருந்தாலும், மதுரைக்கென்று ஒரு வானொலி நிலையம் 1987-ல்தான் வாய்த்தது. அதற்குள் தொலைக்காட்சிப் பெட்டி கூடத்துக்குள் வந்துவிட்டது. இந்தத் தாமதம் ஊருக்கு நேர்ந்த ஓர் இழப்பு. அதைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வானொலி தொடங்கியது அரசாங்கத்தால் அல்ல, ஆர்வலர்களால். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவினார். ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. மூன்றாண்டுகளில் பணம் தீர்ந்தது. கிளப் தன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி மாலை வேளைகளில் இசையும் பள்ளிப் பாடங்களும் ஒலிபரப்பியது. ரேடியோ வாங்க முடியாதவர்கள் கேட்பதற்காகப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி கட்டியது. ஒரு நகராட்சி தன் குடிமக்களுக்குக் குழாய்த் தண்ணீரையும் தெருவிளக்கையும் போலப் பாட்டையும் பாடத்தையும் கொடுத்த காலம் அது. மத்திய அரசின் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையத்தைத் திறக்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

அடுத்த ஆண்டு, 1939 மே 16-ல், திருச்சி நிலையம் வந்தது. மதுரைக்கு வானொலி என்றால் அன்றிலிருந்து திருச்சிதான்.

பெட்டி ஓட மின்சாரம் வேண்டும். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1930-களில் மதுரைக்கு மின்கம்பி வந்தது. பழங்காநத்தத்துக்குப் பக்கத்தில், துணை மின்நிலையம் அமைந்த இடத்துக்குப் பைக்காரா என்றே பெயர் விழுந்தது. இன்றும் டவுன் பஸ் நடத்துநர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளை இறக்கிவிடுகிறார். ஆலைகளை ஓட்ட வந்த மின்சாரம் வசதியான வீடுகளின் வால்வு ரேடியோவையும் ஓட்டியது. அந்த ரேடியோவை 'ஆன்' செய்ததும் உடனே பாடாது. உள்ளே வால்வுகள் சூடேறி மஞ்சளாக ஒளிரும் வரை பொறுக்க வேண்டும். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று முகப்பில் பெயர் பொறித்த மரப்பெட்டி, மேலே குரோஷாத் துணி விரிப்பு, மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி என்று அது வீட்டின் ஓர் உறுப்பினர் போலவே இருந்தது.

வைத்திருக்க உரிமமும் வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 ரூபாய், பின்னாளில் 15 ரூபாய். தபால் நிலையத்தில் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்க வேண்டும். 1980-களில் ரத்தாகும் வரை அந்தப் புத்தகம் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தப்பட்டது.

கிராமத்துக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்தது அரசு கொடுத்த பொதுப்பெட்டி. பஞ்சாயத்து அலுவலகத்திலோ சாவடியிலோ பூட்டிய கூண்டுக்குள் வானொலி இருக்கும், வெளியே வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி. மின்சாரம் வராத ஊர்களில் அது பாட்டரியில் ஓடியது. பஞ்சாயத்து ரேடியோ போடும் வேலையில் இருப்பவருக்கு ஊரில் தனி மரியாதை. அவர் வந்து கூண்டைத் திறந்தால்தான் ஊர் செய்தி கேட்கும். எழுத்துத் தெரியாதவர் தெரிந்தவர், நிலம் உள்ளவர் இல்லாதவர், எல்லார் காதிலும் ஒரே செய்தி ஒரே நேரத்தில் விழுந்தது. சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று சாதி வகுத்திருந்த ஊர்களில், மரத்தில் கட்டிய கூம்பின் குரல் மட்டும் தெருவைப் பார்த்து நிற்கவில்லை. தமிழ்நாட்டின் சமூக வரலாற்றை எழுதுபவர்கள் இந்தக் கூம்பைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும்.

இதே காலத்தில் மதுரை தன் காலைக்கு வேறொன்றைத் தானே உண்டாக்கிக்கொண்டது. 1942 நவம்பர் 1-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் நடுக்காலம் அது. பர்மாவிலும் மலேயாவிலும் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் ஊர் திரும்பி வந்துகொண்டிருந்தன. அங்கே என்ன நடக்கிறது என்று அறியும் தவிப்பு இராமநாதபுரம், மதுரைச் சீமை முழுக்க இருந்தது. பேசுவதுபோல எழுதிய எளிய தமிழில் அந்தப் பத்திரிகை டீக்கடைக்குள் நுழைந்தது. ஒருவர் சத்தமாகப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். வானொலியும் பத்திரிகையும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். காலை 7.15-க்கு டெல்லி சொன்னதைத் தந்தியில் வந்ததோடு ஒத்துப் பார்த்துச் சண்டை போடுவது மதுரை டீக்கடையின் அன்றாட வேலை ஆனது. 1947-ல் விடுதலைச் செய்தியை டெல்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். பின்னாளில் அவர் நாடக மேடையிலும் திரையிலும் நடித்தபோது, முகத்துக்கு முன்பே குரலை அடையாளம் கண்டுகொண்டவர்கள் உண்டு.

டெல்லியில் பேசியது மதுரைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இடையே 2000 கிலோமீட்டருக்கு மேல். செயற்கைக்கோள் இல்லாத நாளில் டெல்லிக் குரலைச் சிற்றலையில் வானுக்கு அனுப்புவார்கள். வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி அது தெற்கே இறங்கும். திருச்சி நிலையம் அதைப் பிடித்துத் தன் மத்திய அலைவரிசையில் மறுபடி விடும். மேலடுக்கு ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. அதனால்தான் அந்தக் காலத்து டெல்லிச் செய்தி அலையடித்து, தேய்ந்து, திடீரென்று பெருத்துக் கேட்டது. முக்கியமான இடத்தில் குரல் தேயும்போது டீக்கடையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

காலை ஒலிபரப்பின் தொடக்கமே ஒரு கதை. 5.55-க்கு ஒலிக்கும் அடையாள இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி பம்பாய்க்கு வந்த யூதர் அவர். அங்கே அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். சிவரஞ்சனி ராகச் சாயலில், தம்புராவும் வயலினும் கொண்டு அவர் செய்த சில நொடி இசை, இந்தியாவின் எந்த மூலையிலும் விடியலுக்கு அடையாளமானது. அதன்பின் வந்தே மாதரம், பிறகு மங்கள இசை. மதுரையைப் பொறுத்தவரை மங்கள இசை வெளியூர்ச் சரக்கு அல்ல. எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஊர் உலகம் கேட்டது இவர்களுடைய நாகஸ்வரம்தான்.

ஆனால் மதுரையின் இன்னோர் இசைக்கு வானொலி கதவைச் சாத்தியிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கின்றன. 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இந்த நாடகங்களில் திரை விலகியதும் முதலில் கேட்பது ஆர்மோனியம்தான். 'ஆர்மோனிய பின்பாட்டு' கலைஞர் அங்கே வெறும் பக்கவாத்தியக்காரர் இல்லை. நடிகரோடு பேசுவார், கேலி செய்வார், கதையை நகர்த்துவார். அந்த வாத்தியத்தை 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி தடை செய்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒவ்வொன்றும் நிலையான சுருதியில் நிற்பவை. நம் ராகங்களின் கமகத்தை, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவை அதில் கொண்டுவர முடியாது என்று வானொலியில் இருந்த மேற்கத்திய இசை அறிஞர் ஜான் ஃபோல்ட்ஸ் வாதிட்டார். தாகூருக்கும் அந்த வாத்தியம் பிடிக்காது. இசை இலக்கணப்படி அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் கச்சேரி மேடைக்காரர்கள் அல்லர். ஆர்மோனியத்தைச் சுற்றியே வளர்ந்த ஒரு நாடக மரபு, தன் சொந்த ஒலியோடு வானொலிக்குள் போக முடியாமல் நின்றது. தடை தளரத் தொடங்கியது 1971-ல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகள், அந்த மரபின் பெரிய பாட்டுக்காரர்கள் உயிரோடு குரலோடு இருந்த ஆண்டுகள். தேசம் முழுவதற்கும் ஒரே இடத்தில் இருந்து ருசி தீர்மானிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது கதவடைப்பு சினிமாப் பாட்டுக்கு நேர்ந்தது. 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய மறைந்தது. மதுரையோ தென்னிந்தியாவின் சினிமாப் பித்துப் பிடித்த ஊர்களில் முதல் வரிசையில் நிற்பது. ஊர் முள்ளைத் திருப்பியது, கொழும்புக்கு.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியாளரால் தொடங்கியது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பிப் பார்த்தார்கள். இரண்டாம் போர் முடிந்ததும் நேச நாட்டுப் படைகளின் பெரிய ஒலிபரப்புக் கருவிகள் இலங்கைக்குக் கிடைத்தன. 1950-ல் வர்த்தக சேவை பிறந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் மதுரையில் உள்ளூர்ப் பெயர்கள். காலை 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் பக்கத்து வீட்டுப் பெட்டியும் எதிர்வீட்டுப் பெட்டியும் ஒரே பாட்டைப் பாடும். தெருவில் நடந்து போகிறவர் பாட்டு விடாமல் கேட்டுக்கொண்டே போகலாம். அந்த அறிவிப்பாளர்களின் திருத்தமான உச்சரிப்பில்தான் ழகரத்தைக் கற்றதாகச் சொல்லும் தமிழாசிரியர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.

கொழும்பு மதுரைக்கு நெருங்கிக் கேட்டதற்கு இயற்கையும் உதவியது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே பயணிக்கும். காய்ந்த மண் அதை விரைவில் உறிஞ்சிவிடும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல்மேல் அலை அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். இலங்கைக்கும் இராமநாதபுரம் கரைக்கும் இடையே பெரும்பகுதி கடல். இருட்டிய பிறகு வானடுக்கில் உறிஞ்சும் படலம் மறைந்துவிடும், அப்போது ஒலி இன்னும் தெளியும். தனுஷ்கோடியிலிருந்து மானாமதுரை வரை கொழும்பு உள்ளூர் நிலையம் போல ஒலித்தது இதனால்தான். டெல்லி 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித் தன் பிடிவாதத்தைத் தளர்த்தியது. ஆனாலும் 1980-களில் இலங்கையில் போர் மூளும் வரை மதுரையின் காது கொழும்பை விட்டு முழுதாகத் திரும்பவில்லை.

உழவருக்கு வானொலி செய்தது வேறு வகை. 1966-ல் பத்து நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. திருச்சி அவற்றில் ஒன்று. ஜப்பானிய நெல்லையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 ரகத்தையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் அப்போது தஞ்சாவூரில் பரவிக்கொண்டிருந்தது. எப்போது நாற்று விட வேண்டும், எத்தனை நாளில் பறிக்க வேண்டும், எந்த உரம், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்று திருச்சி வானொலி நாள்தோறும் சொல்லிக்கொடுத்தது. தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விஞ்ஞானி ஒருவரின் சோதனை வயலுக்கும் நாலாம் வகுப்போடு நின்ற விவசாயியின் வயலுக்கும் நடுவே ஒரு குரல் பாலம் போட்டது. இந்திய அறிவியல் தொடர்பியலின் வரலாற்றில் இதற்கு இணையானவை சிலவே.

மதுரைச் சமவெளிக்கு அதே அளவு முக்கியமானது தண்ணீர்க் கணக்கு. 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையும் 1959-ல் திறந்த வைகை அணையும் வாடிப்பட்டி முதல் மேலூர் வரை பாசன நிலத்தின் உயிர். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. அணையில் இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்ற மூன்று எண்கள் கடைமடை விவசாயிக்குப் பிரதமரின் உரையைவிடப் பெரிய செய்தி. 'அறுபத்தெட்டு தாண்டிருச்சாம்' என்று ஒருவர் சொன்னால் எதிரே இருப்பவர் எதைப் பற்றி என்று கேட்க மாட்டார்.

இந்த உழவர் ஒலிபரப்புப் பள்ளியிலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்துவிட்டுத் திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சிகள் செய்தவர். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி நிலையம் மதுரைக்குத் தெற்கே விருதுநகர்ச் சீமைக்கு நெருக்கமானது. பிறகு சென்னைக்குப் போய் 'இன்று ஒரு தகவல்' சொல்லத் தொடங்கினார். காலை வேளையில் ஐந்து நிமிடம் போல. எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது, சூஃபி ஞானி என்ன சொன்னார் என்று எதுவும் வரும். அவசரமே இல்லாத குரல். வரப்பில் நின்று பேசுகிறவர் போல நிறுத்தி நிறுத்திச் சொல்லி, கடைசியில் ஒரு நகைச்சுவைக் கதையை, சிரிக்காமல், சொல்லி முடிப்பார். கேட்டவர் அலுவலகத்துக்குப் போய் அதையே திருப்பிச் சொல்வார். அறிவியலும் பண்பாடும் நடப்பும் ஒரே காலை நிகழ்ச்சியில் கலப்பது இங்கிலாந்தில் 1957-ல் பிபிசியின் 'டுடே'யிலும், அமெரிக்காவில் 1979-ல் 'மார்னிங் எடிஷ'னிலும் ஆசிரியர் குழுக்களை வைத்து நடந்தது. தமிழில் அந்தக் கலவையை ஏறக்குறைய ஒற்றை ஆளாகச் செய்தவர் தென்கச்சி. 2009 செப்டம்பர் 16-ல் அவர் மறைந்தபோது துக்கம் வீடுகளுக்குள் நடந்தது.

அரசின் குரல் என்பதால் வானொலிக்கு ஒரு குறையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 1975 ஜூன் 26 காலை நெருக்கடி நிலை அறிவிப்பை நாடு கேட்டது இதே பெட்டியில்தான். அதன் பின் பத்தொன்பது, இருபது மாதங்கள் அதில் ஒரு பக்கச் செய்தி மட்டுமே வந்தது. 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை உலகம் பிபிசியில் மதியமே கேட்டுவிட்டது. அகில இந்திய வானொலி மாலை வரை அதிகாரப்பூர்வமாகச் சொல்லவில்லை. மதுரைக்காரர்கள் காலையில் டெல்லியையும் இரவில் பிபிசி தமிழோசையையும் கேட்டு இரண்டையும் சேர்த்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வரப் பழகியது இத்தகைய நாட்களால்தான். 1941-ல் ஒரு சிறு செய்தி மடலாகத் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ல் நின்றது.

1987-ல் சொக்கிகுளம் பக்கம் மதுரை நிலையம் வந்தது. மத்திய அலையில் 1269 கிலோஹெர்ட்ஸ். சென்னைக்கு அரை நூற்றாண்டு பின்னால், திருச்சிக்கு நாற்பத்தெட்டு ஆண்டு பின்னால். வந்ததும் அது செய்த நல்ல காரியம், ஊரின் பேச்சை ஊருக்கே கேட்கவைத்தது. நாட்டுப்புறப் பாட்டைப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் மேடைக்கும் கொண்டுபோன விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்களின் பாட்டுக்கு இப்போது பக்கத்திலேயே ஒரு ஸ்டுடியோ இருந்தது. கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி எல்லாம் பாடியவரின் ஊர்ப் பெயரோடு வந்தன.

எல்லாவற்றிலும் மேலானது சித்திரா பௌர்ணமி காலை. அழகர்கோயிலிலிருந்து 21 கிலோமீட்டர் இறங்கி வந்த கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்கும் நேரம். ஆற்றில் லட்சக்கணக்கில் கூட்டம். வர இயலாத முதியவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், அறுப்புக் காலத்தில் ஊரை விட்டு நகர முடியாத குடும்பங்கள் எல்லாம் வானொலியின் நேர்முக வர்ணனைக்காக விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். எதிர்பார்ப்பு ஒன்றே ஒன்றில் குவிந்திருக்கும்: அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார்? பச்சை என்றால் அந்த ஆண்டு மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது நம்பிக்கை. கண்ணால் பார்க்க வேண்டிய ஒரு நிறத்தை வர்ணனையாளர் வாயால் சொல்ல வேண்டும். கூட்டத்தின் கோவிந்தா முழக்கம், தண்ணீர் பீய்ச்சுவோரின் ஆரவாரம், கொட்டுச் சத்தம், அவற்றுக்கு மேல் அந்த ஒரு சொல். 'பச்சைப் பட்டு' என்று கேட்டதும் எத்தனையோ மைல் தள்ளி ஒரு வீட்டுக்குள் கைகூப்பிய பாட்டிகள் உண்டு. திருச்சியோ டெல்லியோ கொழும்போ இந்தக் காலையைக் கொடுத்திருக்க முடியாது. சொந்த நிலையம் எதற்கு என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம்.

அறிவியலும் பின்தங்கவில்லை. 1991-ல் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொடர்பியல் குழு அகில இந்திய வானொலியோடு சேர்ந்து மனிதனின் பரிணாம வளர்ச்சி பற்றி நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் கொண்ட தொடரைத் தமிழ் உட்பட 18 மொழிகளில் ஒலிபரப்பியது. நாடெங்கும் பிள்ளைகள் பெயர் பதிந்துகொண்டு வாராவாரம் கேட்டார்கள். உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வியை எழுமலையிலும் திருமங்கலத்திலும் ஒரு பள்ளி மாணவி காசில்லாமல் கேட்க முடிந்தது. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்பதைப் புத்தகத்தோடு வளர்ந்தவர்கள் எளிதில் உணர மாட்டார்கள்.

1990-களின் இறுதியில் பண்பலை வந்தது. பண்பலை அலை நேர்கோட்டில் போகும், மலை மறைத்தால் நின்றுவிடும். அதனால் கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் கேட்கும். கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அங்கே வைத்த 100.5 கோடைப் பண்பலை திண்டுக்கல், தேனி, மதுரை, அதற்கும் அப்பால் வரை தெளிவாக இறங்கியது. லாரி ஓட்டுநர்களும் தறிக்காரர்களும் அதைத் தங்கள் நிலையமாக்கிக்கொண்டார்கள். மதுரை நிலையமும் 103.3-ல் பண்பலைக்கு வந்தது.

2000-களின் பின்பாதியில் தனியார் பண்பலைகள் நுழைந்தன. சூரியன், மிர்ச்சி, ஹலோ. காலை நிகழ்ச்சிகளில் மதுரைப் பேச்சு தாராளமாக வந்தது, அது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் சட்டம் ஒன்றைத் தடுத்தது: தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல் மாற்றாமல் அஞ்சல் செய்ய மட்டும் பிற்காலத்தில் அனுமதி கிடைத்தது. ஹலோ எஃப்எம் தினத்தந்தி குழுமத்தைச் சேர்ந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் மதுரையில் செய்தி அச்சடித்துப் பிறந்த நிறுவனம், அதே மதுரையில் தன் வானொலியில் செய்தி சொல்ல முடியாது. அச்சில் சொல்லலாம், தொலைக்காட்சியில் சொல்லலாம், கைபேசியில் சொல்லலாம், வானொலியில் மட்டும் கூடாது. இந்தத் தடைக்கு நியாயமான காரணம் எதுவும் மிச்சமில்லை. இதன் விளைவு காலையில் கேட்கிறது: ஒரு பக்கம் பாட்டும் அரட்டையும், இன்னொரு பக்கம் அரசின் செய்தி. நடுவில் இருந்த இடம், நடப்பையும் அறிவியலையும் ஊர்க் கதையையும் ஒன்றாகப் பேசிய இடம், சுருங்கிக்கொண்டே வருகிறது. டெல்லியிலிருந்து வாசிக்கப்பட்ட தமிழ்ச் செய்தியும் 2017-ல் சென்னைக்கு மாற்றப்பட்டது. சரோஜ் நாராயணஸ்வாமி 2022 ஆகஸ்டில் காலமானார்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் ஒரு பரிந்துரை செய்தது. தனியார் பண்பலைகள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தியும் நடப்பும் ஒலிபரப்பலாம் என்பது அது. பத்து நிமிடம் மதுரைக்குப் போதும். வைகையில் எத்தனை அடி, மாட்டுத்தாவணியில் மல்லிகை கிலோ என்ன விலை, தக்காளி என்ன விலை, ராஜாஜி மருத்துவமனையில் காய்ச்சலுக்கு எத்தனை பேர் வந்தார்கள், கீழடியில் இந்தப் பருவம் எந்தக் குழியில் என்ன கிடைத்தது, அலங்காநல்லூர்ப் பக்கம் இன்று இரவு எந்த ஊரில் வள்ளி திருமணம், ஆர்மோனியம் யார்.